இறகு செருகிய சீசா

செவலைப் பசுவின் காது மடலைப் புரட்டிப் பார்த்த அன்றைக்கே அம்மாக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. மடலுக்குள் ஆமணக்கு விதை போலக் கொழுத்த உண்ணிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒட்டியிருந்தன. வாலடியில், தொடைச் சந்தில், மடிக்காம்புகளுக்கு நடுவில் என்று எங்கே கை வைத்தாலும் விரலில் தட்டுப்பட்டது. ஒன்றைப் பிய்த்துக் கல்லில் வைத்து நசுக்கினாள். ரத்தம் தெறித்தது. அது உண்ணியின் ரத்தமில்லை, செவலையின் ரத்தம்.

செவலை எட்டு மாதச் சினை; தலையீத்து, முதல் கன்று. மீன்சுருட்டியிலிருக்கும் அவளுடைய அண்ணன் கிடேரிக் கன்றாகக் கொண்டுவந்து விட்டது. முன்பிருந்த மாடு மயிலை செத்துப்போன துக்கத்தில் தங்கச்சி கொட்டகைப் பக்கமே போகாமல் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு வந்தவர் அவர்.

மயிலைக்கும் இப்படித்தான் உண்ணி பிடித்தது. அவள் புருஷன் செல்லதுரை, பருத்திக்கு அடித்து மிஞ்சிய மருந்தைத் தண்ணீரில் கலந்து, கந்தல் துணியில் நனைத்து, மாட்டின் உடம்பெல்லாம் தேய்த்துவிட்டான். ஊரில் எல்லாரும் செய்வதுதான். உண்ணியும் கொட்டத்தான் செய்தது. ஆனால் மாட்டு நாக்கு சும்மா இருக்குமா? முதுகை நக்கியது, விலாவை நக்கியது. வாயில் நுரை தள்ளி, நான்கு காலும் வெட்டி வெட்டி இழுத்து, பொழுது சாய்வதற்குள் அடங்கிப்போனது.

மூன்றாம் நாள் அம்மாக்கண்ணு அவனை அய்யனார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இனிமே பருத்தி மருந்த மாட்டு மேல ஊத்த மாட்டேன், இது சத்தியம்" என்று சொல்லவைத்தாள். சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்த வீட்டில் ஓர் உயிர் போகும். அந்த ஊரில் அதைப் பற்றி யாரும் விளையாட்டுக்குக்கூடப் பேச மாட்டார்கள்.

இது நடந்து இரண்டு வருடம் கழித்து, 2004 ஐப்பசி மாதத்தில், குரும்பலூரில் மாடு வளர்க்கும் பெண்களுக்கு ஒருநாள் பயிற்சி என்றார்கள். அம்மாக்கண்ணு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். பேச வந்த சிவரஞ்சனி மேடம் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்க்கிறவர். ஒரு பாலிதீன் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே வேகவைத்த நொய். நொய் மேலெல்லாம் கரும்பச்சையாகப் பூசணம்.

"இது உண்ணியைக் கொல்ற பூஞ்சாணம்ங்க. இதோட தூள் உண்ணி மேல பட்டா, அங்கயே முளைக்கும். தோலைத் துளைச்சு உள்ள போவும். உள்ளயே வளந்து உண்ணியைக் கொன்னுட்டு, அப்புறம் வெளிய வந்து பச்சையாப் பூக்கும்."

பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அப்ப மாட்டுத் தோலத் தொளைக்காதுங்களா?"

"மாட்டு உடம்பு சூடு. அந்தச் சூட்டுல இது உள்ள போயி வளராது. உண்ணிக்கு நம்மள மாதிரி உடம்புச் சூடு கெடையாது, அதான் மாட்டிக்குது. ஆனா ஒண்ணு, இது இன்னும் கடைக்கு வரல. அங்கங்க நாலு கொட்டாயில போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கோம். எல்லா உண்ணியும் செத்துரும்னு நான் சொல்ல மாட்டேன்."

பிறகு செய்முறை சொன்னார். பருத்திக்கு மருந்து அடித்த டாங்கியைத் தொடவே கூடாது. வெயில் படக்கூடாது, மூட்டமான நாளாகப் பார்க்கவேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். சுவர் இடுக்குக்குத் தண்ணீரும் துளி சோப்பும் போதும். மாட்டின் மேல் தெளிப்பதற்குக் கொஞ்சம் கடலை எண்ணெய் சேர்க்க வேண்டும், அப்போதுதான் ஒட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், எட்டு நாளைக்கு மாட்டைக் கழுவக்கூடாது.

அம்மாக்கண்ணு எல்லாவற்றையும் விரல் மடக்கி மடக்கி மனசில் வைத்துக்கொண்டாள். துளைச்சு உள்ள போவும் என்ற வார்த்தையும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

மேடம் கொடுத்த பையை முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்தாள். ஆனால் அடுத்த வீட்டுப் பொன்னாயி கண்ணில் படாமல் அந்தத் தெருவில் எதுவும் நுழைய முடியாது.

"அடியே, என்னாடி அது, பூசணம் புடிச்ச சோறா?"

"உண்ணிக்கு மருந்துக்கா."

"நல்லா இருக்குடி ஞாயம். நம்ம வூட்டுல பூசணம் புடிச்சா கோழிக்குக்கூடப் போட மாட்டோம். நீ செனை மாட்டுக்குப் போடப் போறியாக்கும். நாளைக்கி கன்னுக்குட்டி பச்சையாப் பொறந்தா பச்சக்கிளின்னு பேரு வச்சிரு."

அன்று சாயங்காலமே செல்லதுரைக்கும் தெரிந்துவிட்டது. "பூசணத்தக் கொட்டாய்க்குள்ள கொண்டாந்த, தூக்கி எருக்குழியில வீசிருவேன். சொல்லிப்புட்டேன்" என்றான்.

"அப்ப உண்ணிக்கு என்னாதான் பண்றது?"

"நான் பாத்துக்கறேன்."

"என்னா பாப்பீங்க? போன தடவை பாத்தமாதிரியா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். நான் பாத்துக்கறேன் என்று அவன் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சூடம் அணைத்தவன் ஆயிற்றே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். பையைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில், ஈர மணலுக்குள் ஒளித்து வைத்தாள்.

மூன்று நாள் பொறுத்தாள். செவலை தீனியைக் குறைத்தது. நாலாம் நாள் விடியும்போதே வானம் மூடிக் கிடந்தது. செல்லதுரை பருத்திக் காட்டுக்குப் போனதும் அவள் புதுத் தென்னந்துடைப்பத்தையும் புது பிளாஸ்டிக் வாளியையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தாள்.

முதலில் சுவர். மண் சுவரின் விரிசல்களில்தான் கொழுத்து விழுந்த உண்ணிகள் போய் ஒளிந்து முட்டையிடும். நொய்யைத் தண்ணீரில் கசக்கி, வடிகட்டி, துளி சோப்பு விட்டு, துடைப்பத்தால் விரிசல் விரிசலாக அடித்தாள். பச்சைத் தண்ணீர் சுவரில் வழிந்தது. மூக்கைக் கட்டிய துணிக்குள் அவளுடைய மூச்சே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது.

அடுத்து மாடு. இரண்டாவது வாளி கலக்கிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்ப் பார்த்தாள். கடலை எண்ணெய்த் தூக்கில் அடியில் ஒட்டியிருந்ததுதான் மிச்சம். கடைக்குப் போய் வரலாம். அதற்குள் வெயில் வந்துவிட்டால்? அவன் வந்துவிட்டால்? யோசித்துக்கொண்டே கொட்டகைக்குத் திரும்பியவள் கண்ணில் கூரை எரவானத்தில் செருகியிருந்த சீசா பட்டது. மாட்டுக்குப் புண் வந்தால் தடவுகிற வேப்பெண்ணெய். கருஞ்சிவப்புச் சீசா, அதன் வாயில் எப்போதும் போல ஒரு கோழி இறகு. எண்ணெய் எண்ணெய்தானே. கடலை எண்ணெயைவிட வேப்பெண்ணெய் மாட்டுக்கு நல்லதாயிற்றே. வேம்பு யாரைக் கொன்றிருக்கிறது?

கால் சீசாவை வாளியில் ஊற்றினாள். வேப்பெண்ணெய் நாற்றம் குப்பென்று எழுந்தது. மிச்சத்தை இறகோடு எரவானத்தில் பழையபடி செருகினாள். துடைப்பத்தை நனைத்து நனைத்துச் செவலையின் காதில், கழுத்தில், வாலடியில், மடியில் தெளித்தாள். தெளித்தது போதாமல் கையாலும் தேய்த்துவிட்டாள். செவலை தோலைச் சிலிர்த்தது. திரும்பி விலாவை ஒரு நக்கு நக்கியது.

முதலில் தெரிந்தது அவள் உடம்பில்தான். தலை கனத்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. நெஞ்சை யாரோ கயிறு போட்டுக் கட்டுவதுபோல் இருந்தது. மூக்குத் துணியை அவிழ்த்து வாசலில் உட்கார்ந்தாள். துணி முழுக்க ஈரம். துளைச்சு உள்ள போவும். அவள் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூக்கு வழியாகப் போயிருக்குமோ? எனக்குள்ளேயே முளைக்கிறதோ?

கொட்டகையில் தொப்பென்று சத்தம் கேட்டது.

செவலை முன்னங்கால் மடிந்து விழுந்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்துத் திரும்பவும் விழுந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தரை வரைக்கும் தொங்கியது. தோளிலும் தொடையிலும் சதை தனித்தனியாகத் துள்ளியது, தோலுக்கு அடியில் எதுவோ நெளிவதுபோல.

அவள் போட்ட கூச்சலில் பொன்னாயி ஓடிவந்தாள். பார்த்ததும் கேலியெல்லாம் போய்விட்டது. "அய்யோ, தண்ணி ஊத்துடி! ஊத்திக் கழுவுடி அந்தச் சனியன!"

பொன்னாயி குடத்தைத் தூக்கியபோது அம்மாக்கண்ணு குறுக்கே நின்று பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. கழுவக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எட்டு நாளைக்கிக் கழுவக் கூடாது."

"மாடு எட்டு நிமிசம் தாங்காது போல இருக்கு, எட்டு நாளுங்கற!"

"கழுவுனா பூசணம் போயிரும்க்கா. அப்புறம் உண்ணி போவாது."

என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மேடம் சொன்னதில் ஒன்றைத்தான் மாற்றிச் செய்தோம், மற்றதையாவது விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரே எண்ணம். குடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பொன்னாயி குடத்தை அவளிடமே விட்டுவிட்டுப் பருத்திக் காட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினாள்.

செல்லதுரை வந்து எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். மயிலையைப் பார்த்த அதே கண்ணால் செவலையைப் பார்த்தான். அடுத்த நொடி அவன் பார்வை எரவானத்துக்குப் போனது. சீசா இறகோடு அதே இடத்தில் இருந்தது. அவன் பெரிதாக ஒரு மூச்சு விட்டதை அம்மாக்கண்ணு பார்த்தாள். அதற்கு அர்த்தம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு அவன் பச்சைத் தண்ணீர் வழிந்திருந்த சுவரைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான்.

"பூசணத்தப் போட்டுட்டியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"சொன்னனேடி. படிச்சுப் படிச்சுச் சொன்னனேடி. செனை மாட்டக் கொன்னுட்டியேடி!"

கையை ஓங்கினான். ஆனால் அடிக்கவில்லை. டிவிஎஸ் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு குரும்பலூருக்கு மாட்டு டாக்டரை அழைக்கப் போனான்.

அவன் போய்த் திரும்பிய நேரம் முக்கால் மணிதான் இருக்கும். அம்மாக்கண்ணு செவலையின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எச்சில் அவள் புடவையை நனைத்தது. ஒரு கையை மாட்டின் வலது விலாவில் வைத்திருந்தாள். நேற்று வரைக்கும் அந்த இடத்தில் கன்று உதைப்பது கைக்குத் தெரியும். இப்போது தெரிந்ததெல்லாம் செவலையின் நடுக்கம்தான். உள்ளே கன்றின் மேல் பச்சை படர்வதுபோல் அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. சின்ன மூக்கு, சின்னக் குளம்பு, எல்லாம் பச்சை. கண்ணை இறுக மூடினாலும் அது போகவில்லை.

டாக்டர் வந்ததும் கேள்வி எதுவும் கேட்காமல் மாட்டின் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னா போட்டீங்க?"

செல்லதுரை முந்திக்கொண்டான். "பூசணம் சார். பயிற்சியில குடுத்தாங்கன்னு இவ போட்டுட்டா."

"பூஞ்சாணமா? எத்தனை நாளாச்சு போட்டு?"

"இன்னிக்கிக் காலையிலதாங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "காலையில போட்ட பூஞ்சாணம் மத்தியானத்துக்குள்ள மாட்டைச் சாய்க்காதும்மா. அது உண்ணியைக் கொல்றதுக்கே ஒரு வாரம் ஆவும். மாட்டோட கண்பாவை ஊசி மொனை மாதிரிச் சுருங்கிக் கெடக்கு. இது வெஷம். வேற என்னா போட்டீங்க? மறைக்காதீங்க. என்னான்னு தெரிஞ்சாதான் எந்த ஊசி போடறதுன்னு எனக்குத் தெரியும்."

"வேற ஒண்ணும் போடலைங்க. தண்ணி. பூஞ்சாணம். அப்புறம் கடலெண்ண இல்லாததால..."

"இல்லாததால?"

"கால் சீசா வேப்பெண்ண ஊத்துனேன். அந்தா, எரவானத்துல இருக்கே, அது."

எல்லாரும் எரவானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். செல்லதுரையின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப்போவதை அம்மாக்கண்ணு பார்த்தாள். கவட்டிக் கல்லில் அடிபட்ட காக்கைபோல அவன் வாய் திறந்து திறந்து மூடியது. அப்போதுதான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவன் விட்ட பெருமூச்சு என்னவென்று அவளுக்கு உறைத்தது.

"சொல்லுங்க" என்றாள். "டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"அது வெறும் வேப்பெண்ண இல்ல" என்றான் அவன். "முந்தாநேத்து பருத்தி மருந்த அதுல கலந்து வச்சேன்."

"எவ்வளவு?" என்றார் டாக்டர்.

"பாதிக்குப் பாதி சார். மாட்டு மேல ஊத்துறதுக்கு இல்ல சார். எறகுல தொட்டு உண்ணி மேல மட்டும் வைக்கலாம்னு... ஊத்த மாட்டேன்னுதான சாமிகிட்ட சொன்னேன், வைக்க மாட்டேன்னு சொல்லலையேன்னு..."

டாக்டர் அதைக் கேட்க நிற்கவில்லை. பையைத் திறந்து ஊசியில் மருந்தை ஏற்றியபடியே கத்தினார்: "கழுவுங்க! சோப்புப் போட்டுக் கழுவுங்க, நக்க விடாதீங்க! ஏம்மா, உன் கையைக் காட்டு. நீயும் தேச்சியா? மொதல்ல நீ போயிக் கழுவு. புடவைய மாத்து. இல்லன்னா அடுத்த ஊசி ஒனக்குத்தான் போடணும்."

அவள் போகவில்லை. துணி துவைக்கும் சோப்பை எடுத்துவந்து முதலில் முழங்கை வரைக்கும் தன் கையைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு செவலையைத் தேய்த்தாள். பொன்னாயி குடம் குடமாக ஊற்றினாள். செல்லதுரை மாட்டின் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். எட்டு நாளைக்குக் கழுவக்கூடாதது எல்லாம் நுரையோடு சேர்ந்து சாக்கடையில் ஓடியது. அதற்கப்புறம்தான் பொன்னாயி அவளை இழுத்துப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றி வேறு புடவை கட்டவைத்தாள்.

இரண்டாவது ஊசி போட்டு அரைமணி கழித்து எச்சில் நின்றது. மூன்று மணிக்குச் செவலை பின்னங்காலை ஊன்றி எழுந்தது. நடுங்கிக்கொண்டே நின்றது. டாக்டர் போகும்போது, "மாடு பொழைச்சிரும். சினை தங்குமான்னு இப்ப சொல்ல முடியாது. வயித்துல அசைவு இருக்கான்னு பாத்துக்கிட்டே இருங்க" என்றார்.

அன்று சாயங்காலம் செல்லதுரை காட்டு மூலையில் ஆழமாகக் குழி வெட்டிச் சீசாவைப் புதைத்தான். திரும்பி வந்து அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"நான் ஊத்தலையே. நீதான ஊத்துன" என்றான்.

"ஆமா. நாந்தான் ஊத்துனேன். அய்யனாரு அத எந்தக் கணக்குல வைப்பாருன்னு நீங்களே போயிக் கேளுங்க."

அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். சத்தியம் மீறிய வீட்டில் ஓர் உயிர் போகும். எந்த உயிர் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் செவலையின் வயிற்றைப் பார்த்தாள்.

அதன்பிறகு காலையில் எழுந்ததும் அவளுக்கு முதல் வேலை செவலையின் வலது விலாவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பதுதான். ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். தோல் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது. செல்லதுரை தொட்டியில் தண்ணீர் நிரப்புவதுபோல் பக்கத்திலேயே நின்று அவள் முகத்தைப் பார்ப்பான்.

ஒன்பதாம் நாள் சுவரோரம் சாணி அள்ளும்போது விரிசலுக்குள் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. துடைப்பக் குச்சியால் நெம்பினாள். கொழுத்த உண்ணி ஒன்று உருண்டு வந்து விழுந்தது. காலெல்லாம் விறைத்து, முதுகில் பச்சைக் கம்பளி போர்த்தியதுபோல் பூத்துக் கிடந்தது. அடுத்த விரிசலில் மூன்று. அதற்கடுத்ததில் எண்ண முடியவில்லை. சில உயிரோடும் ஊர்ந்தன. கழுவாமல் விட்டது சுவர் ஒன்றுதான்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. உடம்பு புல்லரித்தது. சொன்னபடியே துளைத்திருக்கிறது. உள்ளே போய், தின்று, வெளியே வந்து பூத்திருக்கிறது.

பின்னால் வந்து நின்ற செல்லதுரை குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இது மாட்டுக்குள்ள போவாதா?"

"போவாதுன்னு சொன்னாங்க."

"ஒனக்குப் பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருக்கு" என்றாள். "அதப் பாத்தாலும் பயம், உண்ணியப் பாத்தாலும் பயம். ஒங்களப் பாத்தாத்தான் எல்லாத்தவிடப் பயம்."

அவன் கடை வரைக்கும் போய் ஒரு கடலை எண்ணெய்ப் பாக்கெட்டோடு வந்தான். பாக்கெட்டை அவள் கண் முன்னாலேயே பல்லால் கடித்துப் பிரித்தான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிக் காட்டினான். பிறகு அவளிடம் நீட்டினான்.

"அந்தப் பை மிச்சம் இருக்கா?"

தண்ணீர்ப் பானைக்கு அடியில் பாதிப் பை இருந்தது. அன்றும் வானம் மூடித்தான் கிடந்தது. துடைப்பமும் வாளியும் வேறு, புதுசு. அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டான், அவள் தெளித்தாள். செவலை தலையைத் திருப்பி விலாவை நக்கியபோது இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அதன் வாயையே பார்த்தார்கள். எச்சில் வழியவில்லை. கால் மடங்கவில்லை. ஒரு வாய் வைக்கோலை இழுத்து நிதானமாக அசைபோட்டது.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வலது விலாவில் வைத்தாள். பழக்கத்தில்தான் வைத்தாள்.

உள்ளங்கைக்கு அடியில் ஏதோ ஒன்று முட்டியது. முழங்கால் மாதிரி சின்னதாக, கெட்டியாக.

"என்னா?" என்றான் செல்லதுரை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டான்.

அவள் பேசாமல் இரு என்று கண்ணால் சொன்னாள். ஒரு தடவை என்றால் நம்ப முடியாது. செவலையின் நடுக்கமாக இருக்கலாம், தன் கையின் நடுக்கமாகவே இருக்கலாம். கையை எடுக்கவும் பயமாக இருந்தது. இரண்டாவது தடவைக்காக அப்படியே நின்றாள். அவன் கயிற்றை விடாமல், அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றான்.

திரும்பவும் முட்டியது.